சாம்பலில் வார்த்த குழாய்கள்

அந்தத் தொழிற்சாலையில் மற்ற எல்லாரும் எதையாவது செய்கிறவர்கள். அவள் ஒருத்திதான் உடைக்கிறவள். தரைக்கடியில் சாக்கடைத் தண்ணீர் ஓடுவதற்கான பெரிய பெரிய கான்கிரீட் குழாய்களை அங்கே வார்த்தார்கள். ஒவ்வொரு கலவையிலிருந்தும் கொஞ்சம் அள்ளி, இரும்பு அச்சுகளில் அடைத்து, சதுரக் கட்டிகளாக்கி அவளுடைய அறைக்கு அனுப்புவார்கள். ஏழாம் நாள் சில, இருபத்தெட்டாம் நாள் சில என்று அவற்றை அமுக்கு இயந்திரத்துக்குள் வைத்து, எவ்வளவு அழுத்தத்தில் நொறுங்குகின்றன என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பத்தொன்பது வருஷமாக அதுதான் வேலை. வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் ‘உடைக்கிற அக்கா’.

அவளுடைய கணவர் அதே தொழிற்சாலையில் கலவை இயந்திரத்தை ஓட்டினார். இருவருக்கும் பழக்கமானதே ஒரு சண்டையில்தான். அவர் அனுப்பிய கட்டிகள் மூன்றும் சொத்தையாக உடைந்துபோக, “கலவையில தண்ணியை ஊத்தினீங்களா, தண்ணியில கலவையைப் போட்டீங்களா?” என்று அவள் வாசலில் நின்று கேட்டாள். பத்துப் பேர் சிரித்தார்கள். நாலு மாதத்தில் கல்யாணம். அதற்கப்புறமும் சண்டை ஓயவில்லை. மதிய இடைவேளையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாய்க்கு வாய் கொடுத்துக்கொள்வதைக் கேட்க ஒரு கூட்டம் பக்கத்து மேசைக்கு இடம் பிடிக்கும். “நான் பாத்துப் பாத்துச் செய்யறேன், இவ ஒரே அமுக்குல உடைச்சுடறா. வீட்லயும் இதே கதைதான்பா” என்பார் அவர். “உருப்படியா ஒண்ணு செஞ்சிருந்தா ஏன் உடையப்போகுது?” என்பாள் அவள்.

நகரத்தில் ஒரு மழைக்காலத்தில் சாலை உள்வாங்கி ஒரு லாரி பாதி புதைந்து நின்றது. தோண்டிப் பார்த்தால், பதினைந்தே வருஷமான குழாயின் மேல்பகுதி ஊறவைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கிடந்தது. அவர்கள் தொழிற்சாலையில் வார்த்த குழாய்தான். அவள் உடைத்துப் பார்த்து ‘சரி’ என்று எழுதிய கலவைதான். அதற்குப் பிறகுதான் அந்த இன்ஜினியர் வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். பேசும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார்.

முதல் நாளே எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். “உங்க மேல தப்பில்ல. சாக்கடைக் காத்துல இருந்து அமிலம் ஊறுது. சிமென்ட்ல இருக்கிற சுண்ணாம்பை அது தின்னுடுது. அதனால சிமென்ட்டே போடாம குழாய் செய்யப்போறோம். அனல் மின் நிலையத்துச் சாம்பல், இரும்பு உலையில மிஞ்சுற கசடு கொஞ்சம். ரெண்டையும் காஸ்டிக் சோடாக் கரைசல்ல கலந்தா கல்லா இறுகிடும். சூளையில சுண்ணாம்புக் கல்லைச் சுட வேண்டாம், அந்தப் புகையும் மிச்சம்.”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “சாம்பலைக் கரைச்சா கல்லாகுமா சார்? அப்படின்னா எங்க வீட்டு அடுப்புல இந்நேரம் ஒரு மாளிகையே எழும்பியிருக்கணுமே.”

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்தார். ஆனால் கோடைக்காலம் முடிவதற்குள் சாம்பல் கல்லாகத்தான் ஆனது. சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று, தட்டினால் மணி மாதிரி ஓசை வந்தது. அவள் உடைத்த கட்டிகள் பழைய சிமென்ட்டுக்குச் சமமான எண்ணைக் கொடுத்தன. அவற்றை அமிலத் தொட்டியில் மாதக்கணக்கில் போட்டு எடுத்துப் பார்த்தாள், முனைகூட மழுங்கவில்லை. எளிதில் எதையும் மெச்சாதவள், “கெட்டிக்காரக் கட்டி” என்று அதைச் செல்லமாகச் சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய கணவருக்குத்தான் வேலை மாறிப்போனது. சிமென்ட் மூட்டையோடு பழகிய கைக்கு இப்போது கரைசல். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டால் பீப்பாய் தானாகவே கொதித்துச் சுடும். முந்தின நாளே கரைத்து ஆற வைக்க வேண்டும். ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கவசம், கழுத்துவரை ஏப்ரன். “கலவை ஓட்டறவனா நான், அறுவை டாக்டரா?” என்று அலுத்துக்கொள்வார். கவசம் ஆவியில் மங்கிப்போகும். துடைக்க நேரமில்லாமல் நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொள்வார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

குளிர்காலம் வந்ததும் கல் ஏமாற்ற ஆரம்பித்தது. மறுநாள் அச்சைப் பிரித்தால் கட்டியில் கட்டைவிரல் பதிந்தது. ஏழாம் நாள் முப்பது காட்ட வேண்டிய முள் பத்தொன்பதில் நின்றது. வார்த்ததை இறுக வைக்கும் ஆவி அறையின் சூட்டைக் கூட்டினார்கள், கசடைக் கொஞ்சம் சேர்த்தார்கள்; ஒரு நாள் தேறினால் மறுநாள் சறுக்கியது. மேலிடத்தில் இன்ஜினியரை வறுத்தெடுத்தார்கள். அவர் அவளுடைய அறைக்கு வந்து, உடைந்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் அவள் பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். “இந்த மூணு நாள் மட்டும் எண் ஏறியிருக்கு பாருங்க சார். அன்னிக்கெல்லாம் கரைசல் கொஞ்சம் கெட்டியா வந்திருக்கு. ஓரத்துல எழுதி வச்சிருக்கேன். காஸ்டிக்கைக் கூட்டிப் பாத்தா என்ன?”

இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “அக்கா, நீங்க மட்டும் காலேஜ் போயிருந்தா எனக்கு இங்க வேலை கிடைச்சிருக்காது.”

பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் எண்ணைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்துபோகவில்லை, மிதந்துபோனாள்.

கரைசலின் காரம் கூட்டப்பட்டது. ஏழாம் நாள் முள் முப்பத்தொன்றைத் தாண்டியது. இன்ஜினியர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

காரம் கூட்டிய பதினோராம் நாள், காலை பத்து மணி வாக்கில், அவள் ஒரு கட்டியை இயந்திரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. சத்தம் நின்றதுதான் கேட்டது. கலவை இயந்திரம் வேலை நேரத்தில் நிற்கவே நிற்காது. அவள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள்.

காரம் கூடியதால் கரைசல் பாகு மாதிரி தடித்திருந்தது. அந்தக் குளிரில் குழாய்க்குள் இறங்காமல் அடைத்துக்கொண்டது. கணவர் அடைப்பு எங்கே என்று பார்க்கக் குனிந்து, குழாயின் இணைப்பைத் தளர்த்தியிருக்கிறார். கவசம் நெற்றியில் இருந்தது. உள்ளே தேங்கியிருந்த கரைசல் அத்தனை அழுத்தத்தோடும் முகத்தில் பீறிட்டு அடித்தது.

கண் கழுவும் குழாய் சுவரோரம் இருக்கத்தான் இருந்தது. அதன் முன்னால் காலி அச்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். யார் அடுக்கியது என்று கடைசிவரை தெரியவில்லை. எப்போதும் அங்கேதான் அடுக்குவார்கள். மேஸ்திரியும் இன்னும் இரண்டு பேரும் அச்சுகளை இழுத்துத் தள்ளுவதற்குள் ஒரு நிமிஷமோ இரண்டோ ஆகியிருக்கும். அவள் போய்ச் சேர்ந்தபோது அவரைத் தண்ணீருக்கடியில் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் அவருடைய இமைகளை விரலால் பிரித்துப் பிடித்தாள். அவர் கத்தவில்லை.

“சோப்பு போட்ட மாதிரி வழவழன்னு இருக்குடி” என்றார். “எவ்வளவு கழுவினாலும் போகமாட்டேங்குது.”

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். “அமிலம்னா மேலோட சுட்டுட்டு நின்னுடும்மா. இது அப்படியில்ல, உள்ள இறங்கிக்கிட்டே இருக்கும். வலது கண்ணைக் காப்பாத்த முடியாது. இடது கண்ணைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியல.”

இடது கண் தப்பியது. ஆனால் அதிலும் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. ஆளின் உருவம் தெரியும், முகம் தெரியாது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கரைசலின் காரம் ஏன் கூட்டப்பட்டது, யார் கூட்டச் சொன்னது என்று கேட்டார். மேசையைச் சுற்றி மேலாளர், இன்ஜினியர், மேஸ்திரி, பதிவேட்டோடு அவள். இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றாமலேயே பதில் சொன்னார்: “முடிவு என்னோடது. கையெழுத்தும் என்னோடதுதான்.”

அவள் வாயைத் திறந்தாள். அவர் அவளைப் பார்த்து, தெரியாத அளவுக்குத் தலையை அசைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு கணத்தை அப்புறம் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது என் பெயரும் இதில் வந்தால் பள்ளிக்கூடம் போகும் மகளை யார் பார்ப்பது என்று பயந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அது முழு உண்மையில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

நாலு மாதத்தில் இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டார். போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ள வந்து, வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆனால் அதற்கு முன்பே அவள் ஒரு வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. விபத்து நடந்த அன்று காலையில் கணவர் கலந்த முதல் கலவையிலிருந்து மூன்று கட்டிகள் அவளுடைய அறையில் இருந்தன. இருபத்தெட்டாம் நாள் வந்தது. “இன்னிக்கு மட்டும் நான் உடைக்கிறேன் அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க” என்றார் மேஸ்திரி. அவள் கேட்கவில்லை. கட்டியின் மேல், ஈரமாக இருந்தபோதே கணவர் கீறிய தேதி அவர் கையெழுத்தில் இருந்தது. வைத்தாள். முள் ஏறியது. நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. வெடி மாதிரி சத்தத்தோடு உடைந்தது. ஐம்பத்திரண்டு. மற்ற இரண்டும் அதே போல. அந்தத் தொழிற்சாலையில் அதுவரை எந்தக் கட்டியும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. அவள் பதிவேட்டில் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

வீட்டில் நாத்தனார் வந்து ஆறு மாதம் இருந்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் வாயில் பூட்டு கிடையாது. “உங்க கம்பெனி என் தம்பி கண்ணைத் தின்னுடுச்சு. இன்னும் நீ அங்கயே போய் உக்காந்துட்டு வர்றியே, எப்படித்தான் மனசு வருதோ” என்பாள். முன்பென்றால் அவள் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது, “ஆமாம் அண்ணி” என்று சொல்லிவிட்டுக் கணவருக்குச் சொட்டு மருந்து போடப் போவாள்.

சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை. காலையில் ஒன்று, வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று, படுக்கும்போது ஒன்று. எட்டு வருஷத்தில் ஒரு வேளை தவறியதில்லை. அவருடைய சட்டைகளை நிறவாரியாக அடுக்கி வைத்தாள். தட்டில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தினமும் சொன்னாள். அவர் எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொண்டாள். உப்பில்லை என்றால் உப்புக் கொண்டுவந்தாள். சூடில்லை என்றால் சூடுபண்ணிக் கொடுத்தாள். அக்கம்பக்கத்தில் அவளைப் பற்றி உயர்வாகப் பேசினார்கள்.

மகள் மட்டும் ஒரு முறை கேட்டாள். வெளியூரில் படித்துக்கொண்டிருந்தவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். “அம்மா, அப்பாகிட்ட ஏன் நர்ஸ் மாதிரி பேசறே?”

“வேற எப்படிப் பேசணும்?”

மகள் அப்பா பக்கம் பார்த்தாள். அவர் ஜன்னலோரத்தில் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார்.

குழாய்கள் நன்றாக விற்றன. பக்கத்து நகரங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கலவை ஓட்டப் புதிதாக வந்தவர்களுக்கு முகம் முழுக்க மூடும் கவசம் கொடுத்தார்கள். கண் கழுவும் குழாய்க்கு முன்னால் தரையில் மஞ்சள் சதுரம் வரைந்து, அதில் எதையும் வைக்கக்கூடாது என்று எழுதினார்கள். அந்த மஞ்சளைத் தாண்டித்தான் அவள் தினமும் தன் அறைக்குப் போனாள்.

எட்டாம் வருஷத்தில் அனல் மின் நிலையத்தை மூடினார்கள். நிலக்கரி எரிப்பதை நிறுத்துவது நல்ல காரியம் என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். அவளும் வாசித்துவிட்டு நல்லதுதான் என்று நினைத்தாள். சாம்பல் லாரி வரவில்லை என்ற பிறகுதான் உறைத்தது. வேறோர் ஊரிலிருந்து சாம்பல் வரவழைத்தார்கள். அது வேறு நிலக்கரியின் சாம்பல். அவள் கட்டிகளை உடைத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் தேறவில்லை. இன்னொரு இடத்துச் சாம்பலைப் பார்த்தார்கள்; அது கலக்கும்போதே இறுகி, கலவை இயந்திரத்தையே கெடுத்துவிட்டது. மூன்று மாதம் இழுபறிக்குப் பின் மேலாளர் ஒரு சனிக்கிழமை காலை எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: “திங்கள்ல இருந்து பழையபடி சிமென்ட்தான்.”

ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்ட மேஸ்திரி முணுமுணுத்தார்: “இத்தனை வருஷம் கழிச்சா?” மிச்சமிருந்த காஸ்டிக் பீப்பாய்களை லாரியில் ஏற்றினார்கள். கடைசிப் பீப்பாய் ஏறும்வரை அவள் நின்று பார்த்தாள். சனிக்கிழமை என்பதால் பாதி நாள்தான் வேலை. நேரே வீட்டுக்குப் போனாள்.

அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் கையைக் கழுவினாள், சொட்டு மருந்தை எடுத்தாள், மறுபடி வைத்துவிட்டாள். எதிரே உட்கார்ந்தாள்.

“ஏங்க. சாம்பல் குழாயை நிறுத்திட்டாங்க. இனிமே சிமென்ட்தானாம்.”

“அப்படியா?” என்றார். வானொலியைத் திருகி அணைத்துவிட்டு, “போகட்டும்” என்றார்.

அந்த ‘போகட்டும்’தான் அவளை உடைத்தது. இத்தனை நாளும், அந்தக் கண் எதற்கோ போனது, தரைக்கடியில் எங்கேயோ அது பலன் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அவள் பேசத் தொடங்கினாள். பதிவேட்டைத் திருப்பிக் காட்டியது, காஸ்டிக்கைக் கூட்டலாம் என்று தானே சொன்னது, விசாரணையில் வாயை மூடிக்கொண்டது, இன்ஜினியர் பழியை ஏற்றுக்கொண்டு போனது எல்லாவற்றையும் தலைகுனிந்து சொன்னாள்.

முடிந்ததும் அவர் கேட்டார்: “இது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?”

அவள் நிமிர்ந்தாள்.

“நீதானே சொன்னே. அன்னிக்குச் சாயங்காலமே சொன்னியே. செருப்பைக்கூட கழட்டாம வாசல்ல நின்னுக்கிட்டு, ‘நான் சொன்னதை இன்ஜினியர் கேட்டுட்டாரு’ன்னு. ஒரு மணி நேரம் அதையே பேசினே. கண்ணு போன அன்னிக்குக் காலையிலகூட, வேலைக்குக் கிளம்பும்போது நான் உன்கிட்ட சொல்லலையா, ‘உன் தேன் குழாய்ல இறங்கமாட்டேங்குது’ன்னு? நீ சிரிச்சே.”

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வாசல், செருப்பு, சிரிப்பு, எல்லாமே. அந்தப் பத்து மணிக்கு முன்னால் இருந்ததையெல்லாம் மனசு எங்கோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டிருந்தது. அவள் எட்டு வருஷமாக அவரிடமிருந்து மறைத்த விஷயம் எட்டு வருஷமாக அவரிடமேதான் இருந்தது.

“ஏன் ஒரு வார்த்தை கேக்கல?” என்றாள்.

“எதைக் கேக்கறது? நீ வேணும்னா செஞ்சே? கவசத்தை ஏத்திவிட்டது நான். அச்சை அடுக்கினது எவனோ. அதையெல்லாம் ஆஸ்பத்திரியிலயே யோசிச்சு முடிச்சுட்டேன். முத ஒரு வருஷம் உன் மேல கோவம் இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன். அப்புறம் போயிடுச்சு.”

நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இத்தனை வருஷமும் அவள் மருந்து போட்டபோதும், தட்டை வைத்தபோதும், தன்னை அவர் கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்ற நினைப்பில் உடம்பு கூசியது.

அவர் மறுபடி பேசினார். இந்த முறை மெல்ல, வார்த்தை வார்த்தையாக. “எனக்கு வேற ஒரு கோவம் இருக்கு. அது போகல. கண்ணு போச்சு, சரி. நீயும் கூடவே போயிட்டே. நான் எவ்வளவு கத்தினாலும் ‘சரிங்க’ன்னு சொல்ற. உப்பு இருக்கும்போதே இல்லைன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா? ஒரு தடவையாவது ‘நாக்கும் போச்சா’ன்னு கேப்பியான்னுதான். நீ போய் உப்பு எடுத்துக்கிட்டு வருவே.”

வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

“ஒரு அரைக் குருடனுக்கு நல்ல நர்ஸ் கிடைச்சான்னு ஊரே சொல்லுது. எனக்கு என் பொண்டாட்டிதான் வேணும்னா யார்கிட்டப் போய்க் கேக்கறது?”

அவள் எழுந்துபோய் முகத்தைக் கழுவினாள். சாப்பாட்டைச் சூடாக்கினாள். தட்டை வைத்தாள். வலப்பக்கம் இது, இடப்பக்கம் இது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். அவர் தடவிப் பார்த்து ஒரு வாய் எடுத்தார். மென்றார். பிறகு, நாடகத்தில் தன் முறை வந்தவர் மாதிரி, “உப்பே இல்ல” என்றார்.

அவளுக்குப் புரிந்தது. அவர் முகம் அவள் இருக்கும் திசையில் திரும்பிக் காத்திருந்தது. சொல்ல வேண்டியதும் தெரியும். அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார். “நாக்கும்...” என்று தொடங்கினாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மறுபடி முயன்றாள். வந்த குரல் அவளுடையதாகவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரையோ விசாரிக்கிற மாதிரி இருந்தது.

அவர் தட்டைப் பார்த்துக் குனிந்தார். “விடு” என்றார். “பழக்கம் விட்டுப்போச்சு.”

இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். அவள் தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டு வந்து, அவர் தலையைப் பின்னால் சாய்த்து, இமையைப் பிரித்து, முன்பு எடுத்து வைத்த மருந்தை விட்டாள். அவர் கண்ணைச் சிமிட்டினார். திங்கட்கிழமை சிமென்ட் மூட்டைகள் வந்து இறங்கின. வியாழக்கிழமைக்குள் பன்னிரண்டு புதுக் கட்டிகள் அவளுடைய அறைக்கு வந்தன. அவள் அவற்றில் தேதி எழுதி, தண்ணீர்த் தொட்டியில் வரிசையாக இறக்கினாள்.